பாட்டுக்கென்று ஒரு தனிக் கம்பி

வீட்டில் இசை கேட்பதற்கென்றே மெயின் போர்டிலிருந்து தனியாக ஒரு லைன் இழுத்துக்கொள்ளும் வழக்கம் இசை ஆர்வலர் சிலரிடையே உண்டு. குளிர்சாதனத்துக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் தனி லைன் போடுவதுபோல ஆம்ப்ளிஃபயருக்கும் ஒன்று வேண்டும் என்று இவர்கள் கேட்கும்போது வயர்மேன் முதலில் சிரிக்கிறார். "ஐந்நூறு வாட்டுகூட இழுக்காத பெட்டிக்குத் தனி லைன் எதுக்கு சார்?" என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். எனினும் இசைக் கருவியின் மூலப்பொருளில் குற்றம் தேடும் இந்தக் குணம் நமக்குப் புதிதன்று. சீவகசிந்தாமணியில் காந்தருவதத்தையோடு யாழ்ப் போட்டிக்கு வரும் சீவகன், தன்னிடம் தரப்பட்ட யாழ்களைக் குற்றம் கண்டு விலக்குகிறான். நீரில் கிடந்து நைந்த மரம் ஆகாது, இடி விழுந்த மரம் ஆகாது என்கிறான். நரம்பின் முறுக்கைப் பிரித்து உள்ளே மயிர் இருப்பதை அவைக்குக் காட்டுகிறான். நரம்பில் மயிர் தேடிய அந்த மரபின் கடைக்கோடியில்தான், மின்கம்பியில் மாசு தேடும் இன்றைய ரசிகரும் நிற்கிறார் என்று சொல்லத் தோன்றுகிறது.

சீவகன் காட்டிய மயிரை அவையோர் கண்ணால் கண்டனர். மின்கம்பியின் மாசோ கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே இத்துறையில் உண்மையும் மூடநம்பிக்கையும் வணிகமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்தறிய, நம் வீடுகளுக்குள் ஒலியும் மின்சாரமும் எவ்வாறு வந்து சேர்ந்தன என்ற வரலாற்றை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது பயன்தரும்.

கம்பி வேண்டாத இசை

வீட்டுக்குள் வந்த முதல் இசைப்பெட்டிக்கு மின்சாரமே தேவைப்படவில்லை. இந்தியாவில் 1902-ஆம் ஆண்டிலேயே இசைத்தட்டுப் பதிவு தொடங்கிவிட்டது. 1908-இல் கல்கத்தாவின் சியால்தாவில் கிராமபோன் கம்பெனியின் தொழிற்சாலை எழுந்தது. சாவி கொடுத்தால் சுருள்வில் முறுக்கேறும். அது தளரும் வேகத்தில் தட்டு சுழலும். ஊசியின் அதிர்வு நேராகக் குழாய் வழியே காதுக்கு வரும். மின் விளக்கைக் காணாத ஊர்களிலும் பாட்டு ஒலித்தது இதனால்தான். கையின் உழைப்பே இசைக்கு ஆற்றலாக இருந்த காலம் அது. கைத்தறிச் சேலைக்கும் சுங்குடிக்கும் பேர்பெற்ற சின்னாளப்பட்டி போன்ற ஊரில் வாழும் நமக்கு, அந்த ஏற்பாட்டின் பொருத்தம் எளிதில் விளங்கும். தறியும் கிராமபோனும் கையால் இயங்கிய எந்திரங்கள்.

மின்சாரம் இதற்கு இணையாக வேறொரு வழியில் நடந்து வந்தது. சென்னையில் 1895-இல் மின்சார டிராம் ஓடியது. அது அன்றைய நகரத்தின் வியப்பு. மாநிலத்தின் உட்பகுதிகளுக்கு மின்சாரம் பரவ, நீலகிரியின் பைகாரா நீர்மின் நிலையம் 1932-இல் இயங்கத் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பின்னர் 1937-இல் மேட்டூரும், 1944-இல் பாபநாசமும் சேர்ந்தன. 1957-இல் மின்சார வாரியம் அமைந்தபின் ஊர்ஊராகக் கம்பம் நட்டார்கள். மலையிலிருந்து இறங்கிய அந்தக் கம்பி ஆலைக்கும், கிணற்று மோட்டாருக்கும், விளக்குக்கும் வந்தது. இசைக்கென்று அதை யாரும் வரவழைக்கவில்லை.

விளக்கின் தயவில் வானொலி

சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமிச் செட்டியார் முன்னின்று தொடங்கிய மாகாண வானொலிக் கழகம் 1924-இல் ஒலிபரப்பைத் தொடங்கியது. பொருள்முடையால் 1927-இல் அது நின்றபின், அதன் கருவியைக் கொண்டு சென்னை மாநகராட்சி 1930 முதல் ஒலிபரப்பியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16-ஆம் நாளும், திருச்சி நிலையம் 1939 மே 16-ஆம் நாளும் தொடங்கின. அன்றைய மதுரை மாவட்டத்தின் வடபகுதியில் இருந்த நமக்குத் திருச்சியே அண்மை நிலையம்.

வால்வு வானொலிக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் வந்த வீட்டிலோ விளக்குக்கான கம்பி மட்டுமே இருந்தது. சுவரில் பிளக் பாயிண்ட் என்பது பல வீடுகளில் பிற்காலச் சேர்க்கை. ஆகவே பல்பைக் கழற்றி, ஹோல்டரில் ஓர் அடாப்டரைச் செருகி, அதிலிருந்து இழுத்த வயரில் வானொலி பாடியது. வால்வு வானொலி ஏறத்தாழ ஒரு பல்பு அளவுக்குத்தான் மின்சாரம் எடுக்கும் என்பதால் கம்பிக்கு இதனால் துன்பமில்லை. விளக்கின் தயவில் இசை வாழ்ந்த காலம் என்று இதைச் சொல்லலாம்.

அந்த வானொலிகளின் பின்புறத்தில் இரண்டு திருகுகள் இருக்கும். ஒன்று ஏரியல், மற்றொன்று எர்த். மொட்டை மாடியில் இரு மூங்கில்களுக்கிடையே கட்டிய செப்புக் கம்பி முதல் திருகுக்கு வரும். இரண்டாம் திருகிலிருந்து ஒரு கம்பி இறங்கித் தண்ணீர்க் குழாயையோ மண்ணில் அடித்த இரும்புத் துண்டையோ சேரும். வீட்டுக்கு முறையான எர்த் இல்லாத காலத்தில் வானொலிக்கு ஓர் எர்த் இருந்தது! அலையைத் தெளிவாகப் பிடிப்பதற்காக மண்ணோடு கொண்ட உறவு அது. உயிர்காக்கும் எர்த் நம் வீடுகளில் பரவலானது பின்னர்தான். அவ்வரிசை நேர்மாறாக இருந்திருந்தால் எத்தனையோ உயிர்கள் தப்பியிருக்கும்.

இத்தனையும் வசதியுள்ள வீடுகளின் கதை. பெட்டியின் விலையோடு, அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் உரிமக் கட்டணமும் செலுத்த வேண்டும். மற்றவர்களுக்குப் பஞ்சாயத்து வானொலி இருந்தது. பூங்காவிலோ மந்தையிலோ ஓர் அறைக்குள் பெட்டி இருக்கும், வெளியே ஒலிபெருக்கி இருக்கும். மாலையில் ஊரே கூடிச் செய்தியும் பாட்டும் கேட்டது. ஒரு கம்பி, ஒரு பெட்டி, ஊர் முழுதும் காது.

சின்ன பிளக், பெரிய பிளக்

தனி லைன் என்னும் கருத்து நம் வீடுகளில் இசைக்கு முன்பே நுழைந்துவிட்டது. இஸ்திரிப்பெட்டியும் வெந்நீர்க் காய்ச்சியும் வந்தபோது விளக்குக் கம்பி தாங்கவில்லை. ஆகவே லைட் சர்க்யூட், பவர் சர்க்யூட் என்று வீட்டின் கம்பிகள் இரு குலமாகப் பிரிந்தன. ஐந்து ஆம்பியர் சின்ன பிளக், பதினைந்து ஆம்பியர் பெரிய பிளக் என்னும் வேறுபாடு அதன் அடையாளம். விளக்குச் சுற்று ஒன்றில் பத்துப் பாயிண்டுக்கு மேலோ 800 வாட்டுக்கு மேலோ கூடாது என்பதும், பவர் சுற்று ஒன்றில் இரண்டு பிளக்குக்கு மேல் கூடாது என்பதும் நம் வயர்மேன்கள் பாடமாகக் கற்ற விதிகள்.

உருண்டை முள் கொண்ட இந்தப் பிளக்குகள் பிரிட்டனிலிருந்து வந்தவை. இரண்டாம் உலகப் போருக்குப்பின் செம்புத் தட்டுப்பாட்டில் இருந்த பிரிட்டன், 1947-இல் சதுர முள் பிளக்குக்கும், வீடு முழுவதையும் ஒரே வளையமாகச் சுற்றிவரும் வயரிங்குக்கும் மாறியது. நாம் மாறவில்லை. பழைய முறைப்படி, போர்டிலிருந்து கிளைகிளையாகக் கம்பி பிரியும் ஏற்பாட்டையே வைத்துக்கொண்டோம். இதனால் ஒரு வேடிக்கை விளைந்தது. வளைய வயரிங் உள்ள ஆங்கிலேயர் வீட்டில் ஆம்ப்ளிஃபயருக்குத் தனி லைன் என்பது வழக்கத்தை மீறிய செயல். நம் வீட்டில் அது பெரிய பிளக்குக்குச் செய்த உபசாரத்தைச் சற்றே நீட்டுவது மட்டுமே.

நூலும் கம்பியும்

கம்பியின் பருமனைப் பழைய வயர்மேன்கள் 3/20, 7/20 என்று சொல்வார்கள். இருபதாம் எண் கம்பி மூன்று இழை, ஏழு இழை என்பது பொருள். எண் ஏற ஏறக் கம்பி மெலியும். பருத்தி நூலிலும் இதே கணக்குத்தான். நாற்பதாம் நம்பரைவிட எண்பதாம் நம்பர் நூல் மெல்லியது. தலைகீழான இந்த எண்முறை இரண்டுமே இங்கிலாந்தின் பட்டறைகளில் பிறந்தவை. நெசவாளர் ஊரில் இந்தக் கணக்கை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அந்தக் கம்பி எந்த உலோகம் என்பதும் வரலாற்றின் பகுதியே. செம்பு நம் நாட்டில் அரிது, இறக்குமதிக்கு அந்நியச் செலாவணி வேண்டும். ஆகவே 1960-கள் தொடங்கிப் பல ஆண்டுகள் இந்திய வீடுகளில் அலுமினியக் கம்பியே பெருமளவில் ஓடியது. ஒரே தடிமனில் அலுமினியம் செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் மின்தடை உடையது. அதைவிடப் பெரிய தொல்லை இணைப்புகளில் இருந்தது. அலுமினியம் திருகின் அழுத்தத்தில் மெல்ல நசுங்கித் தளரும். மேலே ஆக்சைடு படியும். தளர்ந்த இணைப்பு சூடேறும், பொறி விடும். அந்தப் பொறிதான் வானொலியில் 'கரகர'வென்று கேட்டது. பழைய வீட்டில் தனி லைன் இழுத்தவுடன் இசை தெளிந்தது என்று ஒருவர் சொன்னால் அதை உடனே மறுக்க வேண்டியதில்லை. தனிமையால் வந்த தெளிவா, தளர்ந்த பழைய இணைப்புகளிலிருந்து விலகியதால் வந்த தெளிவா என்றுதான் கேட்க வேண்டும்.

கம்பி போனதும் வந்ததும்

டிரான்சிஸ்டர் 1947-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. 1960-களில் அது நம் ஊர்களுக்கு வந்தபோது வானொலி மின்கம்பியை உதறிவிட்டு எழுந்தது. இரண்டு பேட்டரிக் கட்டைகள் போதும். வயலுக்கும் டீக்கடைக்கும் தறிமேடைக்கும் பாட்டு நடந்து சென்றது. கையும் காலும் தறியில் இருக்க, காதுமட்டும் ஓய்வாக இருக்கும் தொழில் நெசவு. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைத் தென் தமிழ்நாடு இவ்வளவு நேசித்ததற்கு, வேலை செய்துகொண்டே கேட்கும் இந்த வாழ்க்கை முறையும் ஒரு காரணம் என்பது நம் எண்ணம். தறியின் ஓசைக்கு மேலே கேட்க வேண்டுமே என்பதுதான் அன்றைய தேவை. ஐம்பது சுழற்சி உறுமலைப் பற்றி அங்கே யார் கவலைப்படுவார்?

ஒலிக்கென்றே தனிக் கம்பி இழுத்தவர்களில் முன்னோடிகள் நம் மைக் செட்காரர்கள் எனலாம். கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் அவர்கள் வீட்டுப் பிளக்கை நம்பவில்லை. கம்பத்திலிருந்து தனியாகச் சர்வீஸ் வயர் இறக்கி, தம்முடைய பலகையில் தம்முடைய ஃபியூஸ் கட்டையை மாட்டி, அதிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு மின்சாரம் எடுத்தார்கள். முறைப்படி தற்காலிக இணைப்பு பெற்றவர்களும் உண்டு, கொக்கி போட்டவர்களும் உண்டு. சீரியல் செட் விளக்குகளின் லைன் வேறு, ஆம்ப்ளிஃபயர் லைன் வேறு என்று பிரிக்கும் நுட்பத்தை அவர்கள் எந்த நூலிலும் படிக்கவில்லை. விளக்குச் சரம் அணைந்து எரியும்போதெல்லாம் பாட்டு அதிரக் கூடாது என்பதைத் தொழில் கற்றுக் கொடுத்தது.

வீட்டுக்குள் கம்பி மீண்டும் வந்தது 1970-களின் பிற்பகுதியில். டேப் ரெக்கார்டர், ஸ்டீரியோ இசைத்தட்டு, பெரிய ஸ்பீக்கர் என்று வீடுகள் நிறைந்தன. பக்கத்து மண்ணான பண்ணைப்புரத்திலிருந்து சென்ற இளையராஜா 1976-இல் 'அன்னக்கிளி'யோடு வந்தார். அவர் பாடல்களில் அடியில் ஓடும் பேஸ் கித்தாரைக் கேட்க விரும்பியவர்களுக்குக் கையடக்க டிரான்சிஸ்டர் போதவில்லை. தாழ்ந்த சுரங்களுக்கு அகன்ற ஸ்பீக்கர் வேண்டும், அதை அசைக்க ஆற்றல் வேண்டும், ஆற்றலுக்குச் சுவரின் மின்சாரம் வேண்டும். அத்துடன் உறுமலும் வீட்டுக்குள் வந்தது.

தனி லைன் என்ன செய்யும்?

ஆம்ப்ளிஃபயர் பாட்டைப் பூதக்கண்ணாடிபோலப் பெரிதாக்குவதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அது சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை எடுத்து, பாட்டின் வடிவத்துக்கு வார்த்து, ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. நாம் கேட்கும் வீணையும் குரலும் உருமாறிய சுவர் மின்சாரமே. எனவே அந்த மின்சாரத்தின் தரம் பற்றிய அக்கறை அடிப்படையற்றது அன்று.

ஆனால் எவ்வளவு என்று கணக்கிட வேண்டும். போர்டிலிருந்து பதினைந்து மீட்டர் தொலைவில் ஆம்ப்ளிஃபயர் இருப்பதாகக் கொள்வோம். போக வர முப்பது மீட்டர் கம்பி. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியானால் மின்தடை சுமார் 0.22 ஓம். இசை உச்சத்தில் ஐந்து ஆம்பியர் இழுத்தாலும் இழப்பு 1.1 வோல்ட். மெல்லிய ஒரு சதுர மில்லிமீட்டர் கம்பியானால் 2.7 வோல்ட். நம் தெருவுக்கு வரும் 230 வோல்ட்டோ, 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகள் நடப்பிலிருந்தபோது அவற்றின்படியே ஆறு விழுக்காடு, அதாவது சுமார் 14 வோல்ட், மேலும் கீழும் ஆட இடமிருந்தது. தனி லைன் மீட்டுத் தரும் ஒன்றிரண்டு வோல்ட் அந்த ஆட்டத்தில் காணாமல் போகும். நல்ல ஆம்ப்ளிஃபயர் இந்த ஆட்டத்தைத் தாங்கும்படியே கட்டப்படுகிறது.

பின் எதில்தான் பயன்? முதலாவது, குளிர்பதனப் பெட்டியின் மோட்டாரும் மிக்ஸியும் கிளம்பும்போது அதே கம்பியில் ஏற்படும் திடீர்ச் சரிவும் 'டப்' என்னும் ஒலியும் பெருமளவு குறையும். இரண்டாவது, பழைய தளர்ந்த இணைப்புகளிலிருந்து விடுதலை. மூன்றாவதே முதன்மையானது. ஆம்ப்ளிஃபயர் ஓர் அறையின் பிளக்கிலும், கணினியோ தொலைக்காட்சியோ இன்னோர் அறையின் பிளக்கிலும் இருந்து, இரண்டையும் ஒலிக் கம்பி இணைத்தால், இரு எர்த் கம்பிகளும் அந்த ஒலிக் கம்பியும் சேர்ந்து ஒரு வளையம் ஆகின்றன. அதில் ஓடும் சிறு மின்னோட்டம் உறுமலாகக் கேட்கிறது. ஐம்பது ஹெர்ட்ஸ் என்பது சுரம்போன்ற ஒன்றுதான். யாரும் அழைக்காமல் வந்து மீட்டும் தம்புரா என்று அதைச் சொல்லலாம். எல்லாக் கருவிகளும் ஒரே லைனில், ஒரே போர்டில், ஒரே எர்த்தில் நின்றால் பெரும்பாலும் வளையம் ஒழியும், உறுமலும் ஒழியும். இதற்குச் செலவு சில சுருள் கம்பியும் ஒரு நாள் கூலியும். தங்க முலாம் பூசிய பவர் கார்டு இதைச் செய்யாது.

எலெக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர் அலையை வெட்டி எழுப்பும் இரைச்சலைத் தனி லைன் ஓரளவே தடுக்கும், ஏனெனில் இரு லைன்களும் மெயின் போர்டில் கூடுகின்றன. 2008-க்குப் பிந்தைய மின்வெட்டுக் காலத்தில், குறிப்பாக 2012-இல், தமிழ்நாட்டு வீடுகளில் நிறைந்த மலிவு இன்வெர்ட்டர்களின் சதுர அலை, மின்விசிறியையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒன்றாக உறுமவைத்தது பலருக்கு நினைவிருக்கும். மின்சாரமே இல்லாத வேளையில் தனி லைனால் என்ன பயன்?

மண்ணோடு உள்ள உறவு

இங்கே உயிரைப் பற்றிய செய்தி ஒன்று உண்டு. உறுமலைப் போக்க எளிய வழி என்று பலர் செய்வது எர்த் கம்பியைக் கழற்றிவிடுவது. வளையம் உடனே அறும், உறுமல் உடனே நிற்கும். பாட்டும் தெளிவாகக் கேட்கும். அன்றிலிருந்து அந்தப் பெட்டியின் உலோக உடலுக்கு மண்ணோடு உறவில்லை. உள்ளே காப்பு பழுதாகி ஃபேஸ் கம்பி உடலைத் தொட்டால், மண்ணுக்குச் செல்லும் வழியாக அமைவது தொட்டவரின் உடல். திருவிழாக் காலங்களில் மைக் செட் கட்டும்போது மின்சாரம் தாக்கி இளைஞர்கள் மாண்ட செய்திகளை ஆண்டுதோறும் நாளிதழ்களில் படிக்கிறோம். தெளிவான இசைக்காக எர்த்தை இழப்பது எந்த ரசனைக் கணக்கிலும் பொருந்தாத வியாபாரம்.

சிறுமலை அடிவாரத்து வறண்ட, பாறை கலந்த மண்ணில் எர்த் குழி தோண்டுவது எளிதன்று. உப்பும் கரியும் இட்டு, குழாய் புதைத்து, கோடையில் நீரூற்றி ஈரம் காக்க வேண்டும். பலர் வீட்டில் மூன்று முள் பிளக் இருக்கும், எர்த் முள்ளுக்குப் பின்னால் கம்பி இருக்காது. தனி லைன் கேட்கும் ரசிகர் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். நல்ல எர்த், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி., அந்த லைனுக்கென்று ஓர் எம்.சி.பி. இசைக்காகப் போட்ட லைன் அந்த வீட்டிலேயே மிகப் பாதுகாப்பான லைனாக அமைந்துவிட்டால், ரசிகரின் பித்தால் குடும்பத்துக்கு ஒரு நன்மை.

போர்டுக்கு அப்பால்

இந்தத் தேடல் எதுவரை செல்லும்? ஜப்பானில் இசைப் பித்தர் சிலர் தம் வீட்டுக்கென்றே தனி மின்கம்பமும் மின்மாற்றியும் நட்டுக்கொண்டதாக 2016-இல் செய்தி வந்தது. அண்டை வீட்டாரின் மாசு தம் இசையில் கலக்கக் கூடாது என்பது அவர்கள் கவலை. அந்நாட்டின் மின்சாரமே இரு வகை. 1895-ஐ ஒட்டி டோக்கியோவுக்கு ஜெர்மன் எந்திரமும் அடுத்து ஒசாகாவுக்கு அமெரிக்க எந்திரமும் வந்ததால், கிழக்கில் 50 சுழற்சி, மேற்கில் 60 சுழற்சி என்று இன்றும் நிலைத்துவிட்டது. உறுமல்கூட அங்கே ஊருக்கு ஊர் சுருதி மாறும். நூறாண்டுக்கு முன் யாரோ வாங்கிய எந்திரத்தின் சுருதி அது. கம்பத்தைத் தனியாக நட்டாலும் அந்தச் சுருதியிலிருந்து ஒதுங்க இயலாது.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில், தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கு வைத்ததாக ஒரு குறிப்பு வருகிறது. கலைக்கு இடையூறு நேராதபடி ஒளியை நிறுத்திய அந்த அக்கறை, இன்று கம்பியைப் பிரிக்கும் அக்கறையின் முன்வடிவம். ஆனால் அங்கே யாரும் தூணை அகற்றவில்லை. அரங்கைத் தாங்குவது தூண்தான் என்பதை அறிந்து விளக்கை இடம் மாற்றினார்கள்.

நம் தனி லைனும் அவ்வாறே. அது மெயின் போர்டோடு முடிகிறது. அதற்கு அப்பால் உள்ள கம்பி தெருவுக்குப் பொது. பக்கத்து வீட்டுக் கிரைண்டரும், எதிர்வீட்டுத் தறிமேல் எரியும் விளக்கும், கோயில் ஒலிபெருக்கியும் அதே மின்மாற்றியில்தான் தொங்குகின்றன. பஞ்சாயத்து வானொலியின் முன் ஊரோடு அமர்ந்து கேட்ட நாம், தனித்தனி அறைகளில் தனித்தனியாகக் கேட்கும் நிலைக்கு வந்துவிட்டோம். கேட்பது தனியானாலும் கம்பி தனியாகவில்லை. நல்ல இசை வேண்டுவோர் வீட்டுக்குள் ஒரு லைனை ஒழுங்காக இழுத்து, எர்த்தை உறுதிப்படுத்திக்கொள்வது அறிவு. அதற்கு மேலும் செலவிட மனமிருந்தால், தெருவின் பழைய மின்மாற்றியை மாற்றச் சொல்லி ஊராரோடு சேர்ந்து மின்வாரியத்துக்கு ஒரு மனு எழுதலாம். ஒன்றிரண்டு வோல்ட் அங்கேயும் கிடைக்கும். அது தெரு முழுவதற்கும் கிடைக்கும்.